கோர் ஐ7-உடன் 8 ஜிபியா, கோர் ஐ5-உடன் 16 ஜிபியா?

கேள்வி இதுதான். வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு லேப்டாப் வேண்டும். இணையம், கடிதம், வரவு செலவுக் கணக்கு, வீடியோ அழைப்பு, அவ்வப்போது கொஞ்சம் புகைப்படத் திருத்தம். கேம் கிடையாது. கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்றில் கோர் ஐ7 ப்ராசஸர் (கணினியின் மூளை), 8 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்). மற்றதில் கோர் ஐ5, 16 ஜிபி ரேம். எதை எடுப்பது? கூட என்னென்ன வாங்க வேண்டும்? அடியில் வைக்கும் ஃபேன் பலகையான கூலிங் பேட் அவசியமா?

ஐ5-ஐ எடுங்கள். கூலிங் பேட் வேண்டாம். இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு விவரங்களிலும் திரை எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. லேப்டாப் வாங்கியவர்கள் பின்னால் புலம்புவது பெரும்பாலும் திரை, கீபோர்டு, ரேம், போர்ட் (வயர் செருகும் துளை) இந்த நான்கைப் பற்றித்தான். நான்கையும் வாங்கிய பிறகு மாற்றுவது கஷ்டம், சிலவற்றை மாற்றவே முடியாது. ப்ராசஸரையும் மாற்ற முடியாதுதான். ஆனால் நீங்கள் சொன்ன வேலைகளுக்கு இன்று விற்கும் நடுத்தர ப்ராசஸரே போதும். அதனால் பணத்தைக் கொட்டவேண்டிய இடம் அது இல்லை.

முதலில் ப்ராசஸர் கதையை முடித்துவிடுவோம். ஐ5, ஐ7 என்ற பட்டம் தனியாக எதையும் சொல்லாது. எந்தத் தலைமுறை, கடைசியில் என்ன எழுத்து என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்டெலில் 'யு' என்று முடிந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை, அடிப்படை அளவு சுமார் 15 வாட். 'எச்' என்று முடிந்தால் 45 வாட். பலம் அதிகம், சூடும் ஃபேன் சத்தமும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் கரையும். வீட்டு உபயோகத்துக்கு யு வகை தாராளம். பழைய தலைமுறை ஐ7-ஐ விடப் புதிய தலைமுறை ஐ5 வேகமாக இருப்பது சகஜம். 2023 கடைசியில் இன்டெல் பெயரையே மாற்றி 'கோர் அல்ட்ரா' கொண்டுவந்தது. அடுத்த சில வாரங்களில் 'அல்ட்ரா' இல்லாமல் வெறும் 'கோர் 5', 'கோர் 7' என்றும் வெளியிட்டது. அவற்றில் கோர் 5 120யு போன்றவை பழைய 13-ஆம் தலைமுறையின் மறுபதிப்பு. மோசமான சிப் இல்லை, ஆனால் புதுசு என்று அதிக விலை கொடுக்கக் காரணமும் இல்லை.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் ரைசன் பக்கம் இதைவிட வேடிக்கை. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் அட்டையில் அண்ணன் தம்பி போலத் தெரியும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ஜென் 2 என்பது 2019-இல் வந்த வடிவமைப்பு! அதைப் புதிய எண் போட்டு விற்றார்கள். மின்னஞ்சலுக்கு 7520யு போதும்தான், ஆனால் 7530யு-வின் விலைக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

அன்றாட வேலையில் ப்ராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. நீங்கள் படிக்கும்போதும் தட்டச்சு செய்யும்போதும் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. லேப்டாப் ஹேங் ஆகிறது என்று நாம் சொல்வது அநேகமாக ரேம் நிரம்பிய தருணத்தை. விண்டோஸ் 11 நீங்கள் எதையும் திறப்பதற்கு முன்பே 3, 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. மீதியில் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், கூடவே ஒரு வீடியோ அழைப்பு. 8 ஜிபி அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் கணினி ரேமில் கொள்ளாததைச் சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்குப் பல மடங்கு பின்னால்தான். அந்த நேரத்தில் ஐ7 இருந்தும் பயனில்லை, அதுவும் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

8 ஜிபி வாங்கிவிட்டுப் பின்னால் கூட்டிக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொல்வார். மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். விவரத்தில் 'எல்பிடிடிஆர்' என்று தொடங்கினால் அநேகமாக அந்தக் கதைதான், கூட்டவே முடியாது. சிலவற்றில் பாதி சால்டர், பாதிக்கு ரேம் செருகும் ஒரு ஸ்லாட் இருக்கும். கடையில் ஓடும் மாதிரி இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று அங்கே காட்டும். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று எழுதியிருந்தால் சால்டர் செய்தது. ஸ்லாட் உள்ளதில் ஒரே 16 ஜிபி துண்டைவிட 8-ம் 8-மாக இரண்டு துண்டு இருந்தால் உள் கிராஃபிக்ஸ் கொஞ்சம் வேகமாக ஓடும். ஆனால் இதற்காக அலைய வேண்டியதில்லை.

சேமிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, 512 ஜிபி. திரையில் 476 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. 'இஎம்எம்சி' என்று எழுதியிருந்தால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். அது மலிவு விலைக் கருவிகளில் வரும் வேகம் குறைந்த வகை, பிரித்து மாற்றவும் முடியாது.

இப்போது திரை. தினமும் மணிக்கணக்காகப் பார்க்கப்போவது இதைத்தான், ஆனால் விளம்பரத்தில் இதற்கு 'ஃபுல் எச்டி' என்ற ஒரே சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. முதல் கேள்வி, பேனல் ஐபிஎஸ் வகையா? டிஎன் வகை என்றால் தலையைச் சற்று மேலே கீழே நகர்த்தினாலே நிறம் வெளுத்துப்போகும். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து எதையாவது பார்க்க நினைத்தால் எரிச்சல்தான். இரண்டாவது, வெளிச்சம். 250 நிட்ஸ் என்பது பல மலிவுத் திரைகளின் அளவு. ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்ட அறைக்குள் பரவாயில்லை, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். 300-க்கு மேல் இருந்தால் நல்லது, 400 இருந்தால் நிம்மதி. மூன்றாவது நிறம், புகைப்படம் திருத்துவதாகச் சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விவரத்தில் நிற வீச்சு '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால், இணையத்திலும் படங்களிலும் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போகும், மனிதர்களின் தோல் சோகை பிடித்த மாதிரி தெரியும். அதை நம்பி நீங்கள் நிறத்தைக் கூட்டினால், அதே படம் நல்ல ஃபோனில் கண்ணைப் பறிக்கும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைத் தேடுங்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல திரை போட்டவர் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

உயரமும் முக்கியம். 1920-க்கு 1080 என்பது 16:9 விகிதம், 1920-க்கு 1200 என்பது 16:10. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அந்தக் கூடுதல் 120 வரிப் புள்ளிகள் வசதியாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை கண்ணுக்கு அழகு, கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். ஆனால் பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்குகின்றன. சிலருக்கு அதனால் தலைவலி வருகிறது. டாஸ்க்பார் மாதிரி அசையாமல் நிற்கும் உருவங்கள் நாள்பட்டுத் தடம் பதிக்கும் அபாயமும் உண்டு. வெள்ளைப் பக்கத்தில் எழுதுவதே முக்கிய வேலை என்றால் ஒளியைப் பிரதிபலிக்காத மேட் ஐபிஎஸ் திரையைத்தான் நான் எடுப்பேன்.

கீபோர்டை நேரில் தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு முழுப் பத்தி அடித்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நடுவில் அழுத்தும்போது பலகை குழிந்தால் உடம்பு பலவீனம் என்று அர்த்தம். 15.6 இன்ச் லேப்டாப்புகள் பலவற்றில் வலப்புறம் எண் பலகை இருக்கும். கணக்கு போடுபவருக்கு வரம், மற்றவருக்குத் தொல்லை. எழுத்து விசைகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் உடலைச் சற்றுத் திருப்பியே உட்கார வேண்டியிருக்கும். வெளியே எடுத்துப்போக வேண்டுமென்றால் 14 இன்ச், சுமார் 1.4 கிலோ. தமிழ் அடிப்பதற்குத் தனிக் கீபோர்டு தேவையில்லை. தமிழ் 99, ஒலிபெயர்ப்பு இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

போர்ட்களில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. ஒரே மாதிரி கதவுகள் போட்ட தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேறு வசதி இருப்பது போலத்தான் இது. ஒரு லேப்டாப்பில் அது தரவை மட்டும் கடத்தும். இன்னொன்றில் சார்ஜும் ஆகும், மானிட்டருக்குப் படமும் போகும். துளைக்குப் பக்கத்தில் மின்னல் சின்னம் இருந்தால் தண்டர்போல்ட் என்ற வேகமான வகை, தண்டர்போல்ட் 4 என்றால் நொடிக்கு 40 ஜிகாபிட். விவரத்தில் சார்ஜுக்கு 'பவர் டெலிவரி', படத்துக்கு 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பையே வாங்குங்கள் என்பது என் பிடிவாதம். சார்ஜர் கெட்டாலும் தொலைந்தாலும் எங்கேயும் ஒன்று கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

பேட்டரிக்கு '12 மணி நேரம்' என்று போட்டிருப்பதைப் படிக்கவே வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-மணி எண்ணைப் பாருங்கள். எளிய வேலையில் ஒரு யு வகை லேப்டாப் சராசரியாக 6 முதல் 10 வாட் இழுக்கும். 50 வாட்-மணி பேட்டரியை 8-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். வீடியோ அழைப்பில் இது இன்னும் குறையும். விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துப்போகும் வரம்பு 100 வாட்-மணி, அதனால்தான் பெரிய லேப்டாப்புகள்கூட 99-இல் நின்றுவிடுகின்றன. எப்போதும் மின்சாரத்தில் செருகியே வைத்திருப்பீர்கள் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் செயலியிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) இதைத் தருகின்றன. லித்தியம் பேட்டரி நிறைந்த நிலையிலேயே சூட்டில் கிடந்தால்தான் வேகமாகக் கிழடாகும்.

மைக்ரோசாஃப்டின் 'கோபைலட் பிளஸ்' ஏஐ முத்திரை பற்றி யாராவது சொல்லுவார்கள். 2024-இல் வந்தது. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிப் பிரிவு ப்ராசஸரில் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் வேலைக்கு அதனால் ஆகப்போவது இப்போதைக்குக் குறைவு. குறைந்தது 16 ஜிபி ரேம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். இன்டெல், ஏஎம்டி இல்லாமல் ஸ்னாப்டிராகன் என்ற வேறு வகைச் சிப் உள்ளவை பேட்டரியில் நன்றாக உழைக்கும். ஆனால் பழைய பிரிண்டர், ஸ்கேனர், அலுவலக விபிஎன் எதுவும் இருந்தால் அதோடு ஒத்துப்போகுமா என்று முதலில் விசாரியுங்கள். மேக்புக் ஏருக்குப் பட்ஜெட் எட்டுமானால் அதில் ஃபேனே கிடையாது, சத்தமே வராது. பின்னால் ரேமோ எஸ்எஸ்டியோ கூட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்து வாங்குங்கள்.

பட்ஜெட் இடித்தால் ஒரு வழி உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள். மலிவான புது லேப்டாப்பைவிட இவற்றின் கீபோர்டும் உடம்பும் மேல், பிரித்துப் பழுதுபார்க்கும் கையேட்டையும் நிறுவனங்களே வெளியிட்டிருக்கின்றன. ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்கு முந்தையவற்றில் ஏறக்குறைய எதையும் ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சரி, துணைக்கருவிகள். நான் முதலில் வாங்கச் சொல்வதை யாரும் கேட்கவே மாட்டார்கள்: வெளி ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு தராது, நேற்று வரை ஓடியது இன்று திறக்காது. வாரம் ஒருமுறை நகல் எடுக்க வேகம் தேவையில்லை, சாதாரண 1 அல்லது 2 டிபி டிஸ்க் போதும். நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், செருகியே இருந்தால் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். பென் டிரைவை நகலுக்கு நம்ப வேண்டாம்.

அடுத்தது உட்காரும் முறை. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனியும், கழுத்து நிமிர்ந்தால் கை தூக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி ஒரு ஸ்டாண்ட், வெளிக் கீபோர்டு, மவுஸ் மூன்றும் சேர்ந்தால்தான் இது தீரும். ஸ்டாண்டை மட்டும் வாங்கினால் மணிக்கட்டு வலிக்கும். மவுஸில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் டிபிஐ எண்ணைப் பார்க்காதீர்கள், உள்ளங்கையில் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். யுஎஸ்பியில் செருகும் சிறிய டாங்கிள் உள்ள வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடினால், பக்கத்து யுஎஸ்பி 3 போர்ட்டில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து கசியும் அலை 2.4 ஜிகாஹெர்ட்ஸைக் குழப்பும், டாங்கிளை வேறு பக்கம் மாற்றினால் சரியாகிவிடும். பெரும்பாலும் மேசையில்தான் வேலை என்றால் ஐ7-க்குக் கொடுக்க இருந்த காசில் ஒரு 24 இன்ச் மானிட்டர் வாங்கலாம்.

ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் ஹப் வாங்கினால் எச்டிஎம்ஐ வழியாக 4கே-வில் 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். 30 என்றால் மவுஸ் அம்பே தத்தித் தத்தி நகரும். கூடுதல் சார்ஜருக்கு 65 வாட் யுஎஸ்பி-சி போதும், ஆனால் கேபிளும் தகுதியாக இருக்க வேண்டும். சாதாரண சி கேபிளின் வரம்பு 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை. வீடியோ அழைப்புக்கு மைக் உள்ள வயர் ஹெட்செட்டே மேல். பல ப்ளூடூத் ஹெட்ஃபோன்களில் மைக்கைத் திறந்ததும் ஒலி பழைய டெலிஃபோன் தரத்துக்கு இறங்கிவிடும்.

கூலிங் பேடுக்கு வருவோம். மெல்லிய யு வகை லேப்டாப்பில் அது ஒரு சத்தமான பலகை, அவ்வளவுதான். காற்று போகும் துளைக்கு அடியில் துணியோ மெத்தையோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பின்பக்கத்தை ஒரு விரல் உயர்த்தினாலே அதைவிட அதிகப் பலன் கிடைக்கும். கீபோர்டுக்குப் போடும் சிலிகோன் உறையும் வேண்டாம். மூடும்போது திரையில் தடம் பதியும், சில மாடல்களில் கீபோர்டு வழியாகப் போகும் காற்றையும் அடைக்கும். கேமராவுக்கு ஒட்டும் தடித்த நகர்மூடி இன்னும் ஆபத்து. அதோடு மூடினால் திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிளே 2020-இல் எச்சரித்தது. மூடி உள்ளேயே வரும் மாடல்கள் நிறைய இருக்கின்றன. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கச் சொன்னால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இந்த வேலைக்குப் போதும் என்று சொல்லிவிடுங்கள். கூடுதல் வாரண்டியில் கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கூடுதல் வாரண்டிக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நன்றாக உபயோகித்துவிடுங்கள். திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டு செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டிலும் எதையாவது செருகிப் பாருங்கள். ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் வைத்து ஃபேன் சத்தம் தாங்குமா என்று கேளுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க முடியும். அதில் வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் வரும். புது லேப்டாப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பெட்டியோடு திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.